சாய்வெழுத்தும் ஸ்ரீரங்கத்துக் கிரந்தமும்

கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு: அயல்மொழிச் சொற்களைச் சாய்வெழுத்தில் போட வேண்டும். ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எழுத்தின் அளவு என்ன, பக்க எண் எங்கே வர வேண்டும் என்கிற வரிசையில் இதுவும் ஒன்றாக நிற்கும். யாரும் அதிகம் யோசிப்பதில்லை. யோசித்தால்தான் வம்பு!

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மண்டி' சாய வேண்டுமா? 'தரகு'? 'சீட்டு'? விதிப்படி எல்லாமே சாய வேண்டும். ஆனால் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன போனஸும் ஆடிட்டும் ஏஜெண்டாவும் அதே பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். திருச்சிக்காரர் ஒருவர் திருச்சியில் உட்கார்ந்து திருச்சியைப் பற்றி எழுதும் கட்டுரையில், திருச்சியில் நாள்தோறும் புழங்கும் சொல் அயலார் மாதிரி ஒருக்களித்து நிற்கிறது. ரோமாபுரியிலிருந்து வந்த சொல் வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் அயல்சொல் என்பது யாருக்கு அயல்? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் பக்கத்தில் அதைவிடப் பழைய, அதைவிடச் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது. திருவெறும்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் முதலில் ஐரோப்பா.

வெனிஸில் பிறந்த சாய்வு

சாய்வெழுத்து பிறந்தது அயல்சொல்லைக் காட்டுவதற்காக அல்ல. இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூசியஸ் என்றொரு பதிப்பாளர் இருந்தார். அவருக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்செழுத்துக் கலைஞர், அன்றைய படித்தவர்களின் கையெழுத்தைப் பார்த்துச் சாய்வான அச்செழுத்துகளைச் செதுக்கினார். 1501-ல் வெர்ஜிலின் கவிதைகள் அந்த எழுத்தில் கையடக்கப் புத்தகமாக வந்தன. ஒரு சொல் இரண்டு சொல் அல்ல, முழுப் புத்தகமுமே சாய்வெழுத்துதான். அப்போது அது அலங்காரமும் அல்ல, எச்சரிக்கையும் அல்ல. அது ஒரு எழுத்து வடிவம், அவ்வளவுதான்.

பிறகு வந்த அச்சகத்தார் நிமிர்ந்த எழுத்தையும் சாய்ந்த எழுத்தையும் ஒரே பக்கத்தில் கலந்து பயன்படுத்தத் தொடங்கினார்கள். கலந்த பிறகுதான் சாய்வுக்கு 'இது வேறு' என்ற அர்த்தம் வந்தது. அழுத்திச் சொல்ல வேண்டியது, நூலின் பெயர், அயல்மொழிச் சொல் எல்லாம் சாயத் தொடங்கின.

இன்று ஆங்கில ஆய்வுலகில் பெரிதும் பின்பற்றப்படும் கையேடுகளில் ஒன்று சிகாகோ கையேடு. அதன் முதல் பதிப்பு 1906-ல் வந்தது. அது இந்த விஷயத்தில் சொல்வதைச் சுருக்கினால் மூன்று வரிதான். வாசகருக்குப் பழக்கமில்லாத அயல்சொல்லைச் சாய்க்கலாம். அதே சொல் திரும்பத் திரும்ப வருமானால் முதல் தடவை மட்டும் சாய்த்தால் போதும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவற்றைச் சாய்க்கக் கூடாது. ஆங்கில அகராதியில் ஏறிவிட்ட சொல் அயல்சொல்லே அல்ல என்பது இதன் உள்ளர்த்தம். நம் கையில் கிடைக்கும் விதியில் இந்த நெளிவுசுளிவு எதுவும் இருப்பதில்லை. 'அயல்சொல்லா? சாய்!' என்று ஒற்றை வரியாகத்தான் வந்து சேர்கிறது.

தமிழில் சாய்க்க முடியுமா?

கணினியில் எந்தத் தமிழ் எழுத்தையும் சாய்த்துவிடலாம். பொத்தான் இருக்கிறதே. ஆனால் தமிழ் அச்சில் சாய்வெழுத்துக்கு ஆங்கிலத்தில் உள்ளது போன்ற மரபு கிடையாது. லத்தீன் எழுத்தின் சாய்வு, கையெழுத்திலிருந்து தனியாகப் பிறந்த வடிவம். நம்முடையது பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தை இயந்திரம் பிடித்துத் தள்ளிவிடுவதுதான். 'ஞ'வும் 'ணை'யும் சாய்ந்தால் எப்படி இருக்கும் என்று போட்டுப் பாருங்கள். காற்றில் சாய்ந்த வாழைத்தார் மாதிரி இருக்கும்.

அதனால்தான் தமிழ்ப் புத்தகங்களில் அயல்சொல்லுக்கு ஒற்றை மேற்கோள்குறி போடுகிறார்கள். இல்லையென்றால் தடித்த எழுத்து, அதுவும் இல்லையென்றால் அடைப்புக்குறிக்குள் ஆங்கில மூலம். தமிழ் வழியில் வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். பேரேடு, குறிப்பேடு, இருப்புநிலைக் குறிப்பு என்று தமிழில் ஒரு சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குள் ஆங்கிலச் சொல் காவலுக்கு நிற்கும். இங்கே அயல்சொல்லாக நடத்தப்படுவது தமிழ்ச் சொல்தானோ என்று சில நேரம் சந்தேகம் வரும்.

சரி, அப்படியானால் அயல்சொல்லை அடையாளம் காட்டும் வழக்கம் தமிழில் அச்சு வந்த பிறகு வந்ததா? இல்லை. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே அது கல்லிலும் ஓலையிலும் இருந்தது.

கல்லில் இருக்கும் சாய்வெழுத்து

ஸ்ரீரங்கம் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது சேவித்துவிட்டு நேராகப் பிரசாதக் கடைக்குப் போகாமல் கொஞ்சம் சுவரைப் பாருங்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லோடுதான் தொடங்கும். அந்தச் சொல் வடமொழி. அதை வெட்டியிருப்பது கிரந்த எழுத்தில். அடுத்து அரசனின் புகழ், ஆட்சி ஆண்டு, கொடுத்த நிலம், விளக்குக்கு விட்ட ஆடு, நெய்யின் அளவு எல்லாம் தமிழில், தமிழ் எழுத்தில். நடுவில் ஒரு வடசொல் வந்தால் மறுபடியும் கிரந்தம். வேலை முடிந்ததும் மறுபடியும் தமிழ் எழுத்து.

வடமொழியை எழுதுவதற்காகத் தென்னாட்டில் வளர்ந்த எழுத்துதான் கிரந்தம். பல்லவர் காலத்திலிருந்து நம் பக்கத்தில் புழங்கியது. தமிழ் எழுத்துக்கு உறவுக்காரர். சில எழுத்துகள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். தமிழில் ஒரே 'க' என்றால் கிரந்தத்தில் நான்கு 'க' உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ என்று இன்று நாம் எழுதுவது எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

செப்பேடுகளில் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவாக இருக்கும். ஆனைமங்கலச் செப்பேட்டில் மொத்தம் 21 ஏடுகள். அதில் 5 வடமொழி, 16 தமிழ். அரசனின் வம்சப் பெருமை வடமொழியில். நிலத்தின் நான்கு எல்லை, வரி, கணக்கு எல்லாம் தமிழில். (ஆக, கணக்கு வழக்கு நம் துறை என்பது ராஜராஜன் காலத்திலேயே முடிவான விஷயம்!)

இந்தக் கல்வெட்டுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விதி எப்போதும் ஒரே சீராக இருக்காது. ஒரே சொல்லுக்குள் ஓரெழுத்து கிரந்தமாகவும் மற்ற எழுத்துகள் தமிழாகவும் இருக்கும். 'ராஜ' என்பதில் 'ஜ' மட்டும் கிரந்தம் என்பது போல. 'பஜார்', 'ஜவுளி' என்று இன்று நாம் எழுதும் முறைக்கு முன்னோடி இது.

ஓலையில் மணியும் பவளமும்

கல்லை விட்டு ஓலைக்கு வந்தால் கதை இன்னும் சூடு பிடிக்கிறது. நாலாயிர திவ்வியப் பிரபந்தம் தமிழ். அதற்கு உரை எழுதிய வைணவ ஆசாரியர்கள் கையாண்ட நடையோ மணிப்பிரவாளம். தமிழும் வடமொழியும் கலந்த நடை. இராமாநுசர் காலத்தில் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படியில் இந்த உரை மரபு தொடங்குகிறது. 13-ஆம் நூற்றாண்டு ஸ்ரீரங்கத்தில் அது உச்சத்துக்குப் போனது. நம்பிள்ளை சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதி வைத்ததுதான் ஈடு என்னும் முப்பத்தாறாயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை செய்தவர் என்று போற்றப்படுகிறார். படி என்பது 32 எழுத்து கொண்ட ஓர் அளவு. 36,000 படி என்றால் எவ்வளவு ஓலை என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நடையை ஓலையில் எப்படி எழுதினார்கள்? பெரும்பாலும் தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில், வடசொல்லைக் கிரந்த எழுத்தில். ஒரே வாக்கியத்துக்குள் எழுத்து மாறி மாறி வரும். படிக்கிறவர் கண்ணுக்கு எது எந்த மொழி என்று உடனே தெரிந்துவிடும். இன்றைய சாய்வெழுத்து செய்கிற அதே வேலை. வெனிஸில் சாய்வெழுத்து பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்னாலேயே காவிரிக்கரையில் நடந்தது!

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கிரந்தத்தில் எழுதிய சொல் விருந்தாளி அல்ல. அது வாக்கியத்தில் சரிபாதி பங்காளி. 'இது வேறு வீட்டுச் சொல்' என்று எழுத்து காட்டியதே தவிர, 'இது வெளியாள்' என்று ஒதுக்கவில்லை.

மணிப்பிரவாளம் என்ற பெயரிலேயே இந்தச் சர்ச்சை ஒளிந்திருக்கிறது. பிரவாளம் என்றால் பவளம். மணி என்றால் என்ன? முத்து என்று எடுத்துக்கொண்டால் வெள்ளையும் சிவப்பும் கோத்த மாலை. எது எது என்று பார்த்தவுடன் தெரியும். கேரளத்தில் 14-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'லீலாதிலகம்' என்ற இலக்கண நூலோ அது முத்து அல்ல, மாணிக்கம் என்கிறது. மாணிக்கமும் சிவப்பு, பவளமும் சிவப்பு. இரண்டும் ஒன்றாகக் கலந்து, வேறுபாடு தெரியாமல் இருப்பதுதான் அழகு என்பது அதன் கட்சி.

முத்தா, மாணிக்கமா? கலந்த சொல் தனியாகத் தெரிய வேண்டுமா, தெரியாமல் கலக்க வேண்டுமா? இன்று நம் ரிப்போர்ட்டில் சாய்ப்பதா வேண்டாமா என்று கேட்கிறோமே, அதே கேள்விதான்.

அதே ஊரில் எதிர்க்கட்சி

தமிழின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம் இதில் வேறு வழி சொல்கிறது. செய்யுளில் வரும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. வடசொல்லை வெளியே போ என்று சொல்லவில்லை. அதுவும் நான்கில் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வடமொழிக்கே உரிய எழுத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத் தமிழ் எழுத்தை உடுத்திக்கொண்டு உள்ளே வர வேண்டும். வந்த சொல் கொஞ்சம் சிதைந்திருந்தாலும் பொருந்தி வந்தால் சரி என்று அடுத்து ஒரு சலுகையும் கொடுக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதை ஒரு பட்டியலாகவே ஆக்கிவிட்டது. ஷ வந்தால் ச அல்லது ட. ஸ வந்தால் ச அல்லது த. ஹ வந்தால் அ அல்லது க. க்ஷ வந்தால் க அல்லது க்க. ஜ வந்தால் ச அல்லது ய. 'மாஸம்' என்பது ஒருவர் வாயில் மாசமாகவும் இன்னொருவர் பேனாவில் மாதமாகவும் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? இரண்டுமே நன்னூல்படி சரி!

இந்த வழியில் நடந்தவர்களில் மிகப் பெரியவர் கம்பர். லக்ஷ்மணன் அவரிடம் இலக்குவன். விபீஷணன் வீடணன். ஹனுமான் அனுமன். ஜடாயு சடாயு. வடமொழிக் காவியத்தின் கதை முழுவதையும் எடுத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் தமிழ் ஓசைக்குள் கரைத்துவிட்டார். எங்கேயும் அடையாளக்குறி இல்லை. இலக்குவன் என்று படிக்கும்போது அது வெளியூர்ப் பெயர் என்று யாருக்காவது தோன்றுகிறதா?

கம்பர் இந்தக் காவியத்தை அரங்கேற்றியது ஸ்ரீரங்கத்தில் என்பது மரபு. தாயார் சந்நிதிக்கு அருகில் அந்த மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். கம்பர் வாழ்ந்தது 12-ஆம் நூற்றாண்டு என்பது பலர் ஒப்புக்கொள்ளும் கருத்து. ஆக, மரபுச் செய்தியை ஏற்றுக்கொண்டால், ஒரே கோயிலில், நூறு வருட இடைவெளியில், அயல்சொல்லுக்கு இரண்டு நேர் எதிரான பதில்கள் ஒலித்திருக்கின்றன. 'எழுத்தை மாற்றிக் காட்டு' என்றது உரையாசிரியர்கள் கட்சி. 'ஓசையை மாற்றிக் கரைத்துவிடு' என்றது கம்பர் கட்சி. அந்த ஊர் இரண்டையுமே கொண்டாடியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியவில்லை.

மூன்று கல்லூரிப் பலகைகள்

இதெல்லாம் பழங்கதை, இப்போது என்ன என்று கேட்கிறவர்கள் திருச்சிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். கல்லூரிப் பெயர்ப் பலகைகளே போதும்.

முதலாவது தூய வளனார் கல்லூரி. ஊரில் எல்லோருக்கும் அது ஜோசப் காலேஜ். 'வளன்' எங்கிருந்து வந்தது? 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழில் தோய்ந்தவர். ஜோசப்பைத் தலைவனாக வைத்து 'தேம்பாவணி' என்ற காவியத்தை எழுதினார். தலைவன் பெயரை எழுத்துப் பெயர்ப்பு செய்யவில்லை, பொருள் பெயர்த்தார். வளர்ச்சி என்ற பொருளில் வளன். அவருக்கே முதலில் தைரியநாதர் என்றும் பிறகு வீரமாமுனிவர் என்றும் பெயர் ஏற்பட்டது. இது கம்பரையும் தாண்டிய கரைப்பு. ஓசைகூட மிஞ்சவில்லை, பொருள் மட்டும்.

இரண்டாவது பிஷப் ஹீபர் கல்லூரி. ஷ இருக்கிறது, ஹ இருக்கிறது. ஒன்றும் கரைக்கப்படவில்லை. கிரந்தக் கட்சி.

மூன்றாவது ஜமால் முகமது கல்லூரி. 'ஜ' அப்படியே இருக்கிறது. ஆனால் 'ஹ' போய் 'க' வந்திருக்கிறது. நன்னூல் பட்டியலில் ஹ-வுக்குச் சொன்ன அதே மாற்றம்! முதல் சொல் ஸ்ரீரங்கத்து உரையாசிரியர் வழி, இரண்டாம் சொல் நன்னூல் வழி. யாரும் கமிட்டி போட்டு முடிவு செய்திருக்க மாட்டார்கள். நாக்கும் காதும் பழக்கமும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். அப்பர் பாடியது திருவெறும்பியூர். இன்று திருவெறும்பூர். மலைமேல் இருக்கும் சாமி எறும்பீஸ்வரர். எறும்பு தமிழ், ஈஸ்வரர் வடமொழி. ஒரே பெயருக்குள் முத்தும் பவளமும்! அதையே எறும்பீசர் என்று எழுதினால் மாணிக்கமும் பவளமும் ஆகிவிடுகிறது.

சண்டை தொடங்கிய காலம்

20-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு வழிகளும் இரண்டு அரசியலாக மாறின. 1916-ல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். வேதாசலம் என்ற தன் பெயரையே வேதம் மறையாக, அசலம் மலையாக மொழிபெயர்த்துக்கொண்டவர் அவர். அவருக்கு முன்னாலேயே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆகியிருந்தார். பாரதியாரோ இன்னொரு பக்கம் 'தமிழில் எழுத்துக் குறை' என்று கட்டுரையே எழுதினார்.

இதற்கிடையில் கிரந்தம் என்ற முழு எழுத்துமுறை மெல்ல மறைந்தது. வடமொழிக்கு நாகரி எழுத்து பரவலானது. தமிழ் அச்சில் மிஞ்சியவை ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்ற ஒரு கைப்பிடி. அவையும் வடசொல்லைக் காட்டும் வேலையிலிருந்து நகர்ந்து ஆங்கிலம், உருது, அரபி எல்லாவற்றையும் சுமக்கும் பொது எழுத்துகள் ஆகிவிட்டன. இன்று 'ஷாப்பிங்' என்று எழுதும்போது ஷ வடமொழியைக் காட்டுகிறது என்று யாரும் நினைப்பதில்லை.

2010-ல் கணினிக்கான யூனிகோடு தரத்தில் கிரந்தத்தைச் சேர்க்கும் பேச்சு வந்தபோது தமிழ்நாட்டில் பெரிய விவாதம் கிளம்பியது. தமிழுக்கே உரிய எழுத்துகளைக் கிரந்தத் தொகுதிக்குள் சேர்க்கலாமா என்ற கேள்வியில் மாநில அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. கடைசியில் 2014-ல் யூனிகோடு 7.0 பதிப்பில் கிரந்தம் தனித் தொகுதியாக இடம்பெற்றது. ஒரு எழுத்தை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதற்கு இவ்வளவு போராட்டமா என்று கேட்கலாம். எழுத்தின் பெட்டிதானே 'இது யாருடையது' என்று சொல்கிறது? அதனால்தான் போராட்டம்.

நம் சொற்கள் போன ஊர்

இப்போது திசையை மாற்றிப் பார்ப்போம். நம் சொல் அங்கே போனபோது என்ன ஆயிற்று?

உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் உலகப் புகழ். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த இடத்துச் சாம்பலைப் பார்த்து 'இது டிரிச்சினாபொலி சுருட்டு' என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். ஊர்ப்பெயரே சரக்கின் பெயராக லண்டன் போய்விட்டது. 'சுருட்டு' என்ற சொல்லும் 'செரூட்' ஆகி ஆங்கில அகராதியில் ஏறியது. கட்டுமரம், மிளகுத்தண்ணீர் எல்லாம் ஓசை மாறிப் போய்ச் சேர்ந்தன. 1886-ல் யூலும் பர்னலும் இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஓர் அகராதியே போட்டார்கள். 2016-ல் நம் 'ஐயோ' ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போயிற்று. அகராதிக் கணக்குப்படி இனி ஐயோவைச் சாய்க்க வேண்டியதில்லை. ஐயோ, எவ்வளவு பெரிய விடுதலை :-)

வணிகச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்னும் நல்ல உதாரணங்கள் உண்டு. 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டம் தன் வரையறையிலேயே சிட், சிட்டி, குரி என்று நம் பக்கத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. 1988-ல் வந்த பினாமி சட்டத்தின் பெயரிலேயே பாரசீகம் உட்கார்ந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் 406-ஆம் பிரிவு 'நிதி' நிறுவனங்களைப் பற்றியது. நாடாளுமன்றம் ஆங்கிலத்தில் இயற்றிய சட்டத்திலேயே இவை சட்டச் சொற்கள். அப்படி இருக்கும்போது, நாம் எழுதும் இருபது பக்க ரிப்போர்ட்டில் 'நிதி' ஏன் அயலாராகக் கூனி நிற்க வேண்டும்?

உலகத்தில் பலர் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். டொமினிக்கக் குடியரசில் பிறந்து அமெரிக்காவில் எழுதும் யூனோ டியாஸ், தன் ஆங்கிலக் கதைகளில் வரும் ஸ்பானியச் சொற்களைச் சாய்க்காமலே எழுதியவர். அந்தச் சொற்கள் அவருடைய பாத்திரங்களுக்கு அயல்சொற்கள் அல்லவே!

நம் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால்

தமிழ்க் கடைக்காரரின் கணக்கு நோட்டு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். லாபம், நஷ்டம் வடமொழி. வசூல், பாக்கி அரபி. ரசீது பாரசீகம். ஏலம் போர்த்துகீசியம். கல்லாப்பெட்டியின் சாவியும் அதை வைத்திருக்கும் அலமாரியும் போர்த்துகீசியம். பில், செக், பேங்க் ஆங்கிலம். வரவு, செலவு, பற்று, கடன் தமிழ். கோயிலில் காசு போடும் உண்டியல்கூட 'ஹுண்டி' என்ற வடநாட்டு வணிகச் சொல் ஹகரத்தைத் தொலைத்துவிட்டு வந்ததுதான். இவற்றில் அயல்சொற்களை எல்லாம் சாய்த்தால் முக்கால்வாசிப் பக்கம் படுத்துவிடும். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு இதில் ஒன்றுகூட அயல்சொல் இல்லை. எல்லாமே அவருடைய தொழில் சொல்.

இந்த நோட்டு திருச்சியின் வரலாறும்கூட. சோழர், நாயக்கர், நவாபு, வெள்ளைக்காரர் என்று யார் யார் வந்து போனார்களோ, அவர்கள் ஆளுக்கு நாலு சொல்லை விட்டுப் போயிருக்கிறார்கள். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் வேலையில் இருக்கின்றன.

அப்படியானால் என்ன செய்வது?

விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாசகர் ஒரு சொல்லைப் பார்த்து 'இது அச்சுப்பிழையோ' என்று திகைக்கக் கூடாது. அதற்கு ஓர் அடையாளம் உதவும். இதுவரை பார்த்ததை வைத்து, நாம் கையாளக்கூடிய சில வழிகள்:

1. சொல் எந்த மொழியில் பிறந்தது என்று பார்க்காதீர்கள். வாசகருக்குத் தெரியுமா என்று பாருங்கள். வசூலுக்கு அடையாளம் தேவையில்லை. 'லீலாதிலகம்' போல வாசகர் கேள்விப்படாத ஒன்றுக்குத் தேவைப்படலாம்.

2. முதல் தடவை மட்டும் காட்டி, ஒரு வரியில் பொருள் சொல்லுங்கள். அறிமுகம் ஆன பிறகும் ஒவ்வொரு முறையும் 'இவர் வெளியூர்க்காரர்' என்று சொல்வது மரியாதை அல்ல.

3. தமிழில் எழுதினால் சாய்க்க வேண்டாம், ஒற்றை மேற்கோள்குறி போதும். ஆங்கிலத்தில் எழுதினால் சாய்க்கலாம், ஆனால் கட்டுரையின் பொருளாகவே இருக்கும் சொல்லைச் சாய்க்காதீர்கள். சீட்டு பற்றிய கட்டுரையில் சீட்டு அயல்சொல் அல்ல, அது கதாநாயகன்.

4. ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் சாய்க்கவே வேண்டாம். ஜ, ஷ, ஹ போடுவதா இல்லையா என்பதில் அந்தப் பெயருக்கு உரியவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். ஷேக்ஸ்பியரைச் செகப்பிரியர் என்று எழுதும் மரபும் தமிழில் உண்டு, அது ஓர் அழகு. ஆனால் உயிரோடு இருப்பவரின் பெயரில் நம் கொள்கையைச் சோதித்துப் பார்ப்பது நியாயம் இல்லை.

5. எந்த வழியை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்றுங்கள். கல்வெட்டு வெட்டியவருக்கு அழிரப்பர் இல்லை. நமக்கு இருக்கிறது.

ஊர்ப்பெயர் பற்றி ஒரு சின்னச் செய்தி. ஜூன் 2020-ல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் புதிதாக வந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்து அந்தந்த ஊர்க்காரர்களே குழம்பினார்கள். சில நாட்களிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு பெயரை எப்படி எழுதுவது என்பதை ஆணையைவிடப் பழக்கம்தான் அதிகம் முடிவு செய்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

கிரந்தம் போடுவதும், கரைத்து எழுதுவதும், சாய்ப்பதும், நிமிர்த்துவதும் வெறும் அச்சு வேலை போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு முறையும் நாம் 'இந்தச் சொல் எங்கள் வீட்டுப் பிள்ளையா, வந்துபோகிறவரா' என்று ஒரு தீர்ப்பு எழுதுகிறோம். தொல்காப்பியர் எழுதினார், உரையாசிரியர்கள் எழுதினார்கள், கம்பர் எழுதினார், மறைமலையடிகள் எழுதினார். அவர்கள் எல்லோரும் காரணம் தெரிந்து எழுதினார்கள். நாமும் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், யாருக்காக எழுதுகிறோம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு அழுத்தலாம்.